இனிஷியலில் அம்மா எங்கே?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பர்னாந்து என்று பெயர் கேட்டிருப்பீர்கள். 1530களில் போர்த்துக்கீசியரிடம் ஞானஸ்நானம் வாங்கிய பரதவர் வழி வந்த பெயர் அது. கீழக்கரை மரைக்காயர் என்பது மரக்கலத்திலிருந்து வந்ததாம். பெயரிலேயே கடல் அடிக்குது பாருங்க!

நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாமின் 'ஏ.பி.ஜே.'யில் கொள்ளுத்தாத்தா அவுல், தாத்தா பக்கீர், அப்பா ஜைனுலாப்தீன் மூவரும் இருக்கிறார்கள். பெற்று வளர்த்த ஆஷியம்மா? தேடினாலும் இல்லை. நமக்கோ, கல்யாணமானால் இருக்கிற இனிஷியலும் மாறிப்போகுது.

பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நாமும் அம்மா எழுத்தைச் சேர்த்து எழுதினால் என்னங்க? அப்பா எழுத்தை அழிக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் கொஞ்சம் இடம்தான் கேட்கிறோம்.

– ஒரு வாசகி, ராமநாதபுரம்