எழுத்துக்கு வாடகை

இலக்கியப் பத்திரிகையில் பேசுகிற விஷயமா இது என்று நண்பர் ஒருவர் கேட்டார். கவிதையின் ஆன்மாவைப் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதக்கூடியவர். அவருடைய பத்து வருஷக் கவிதைகள் ஒரு குறுந்தகட்டில் கிடக்கின்றன. திறந்தால் ரோமன் எழுத்துக் குப்பை. எழுத்துருவை விற்ற கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. அதன் மென்பொருள் ஓடுவதற்கான பூட்டுக் கருவியும் தொலைந்தாயிற்று. ஆன்மா எங்கே போயிற்று என்று அவரே சொல்லட்டும்.

1991ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இயந்திரங்கள் அதை ஒழுங்காகக் காட்டப் பத்து வருஷம் பிடித்தது என்பது உண்மை. அந்த இடைவெளியில்தான் ஆளுக்கொரு குறியீடு விற்றார்கள். 1999ல், சென்னைத் தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி, மாநில சர்க்கார் தரம் வகுத்தது: டாம் ஒன்று, டாப் ஒன்று. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடே தரம் என்று அரசாணை வந்தது. கூடவே, யூனிகோடு இயலாத இடத்துக்கு டேஸ் 16. மறுபடியும் இரண்டு.

அதே நவம்பரில் மத்திய சர்க்கார் மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. தரத்துக்கு ராயல்டி கூடாது, விவரம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் நல்ல வாசகங்கள். தகுந்த தரம் இல்லாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தித் தற்காலிகமாக வேறொன்றை ஏற்கலாம் என்று ஒரு ஜன்னலும் உண்டு. பாங்க் குமாஸ்தாவுக்குத் ‘தற்காலிகம்’ தெரியும். சஸ்பென்ஸ் கணக்கில் போட்ட தொகை, போட்டவர் ரிடையரான பிறகும் அங்கேயே இருக்கும்.

ஆரணியில் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்துகிறவர் கூலி வாங்குகிறார். டிசைன் போட்டவருக்கும் காசு. அதோடு சரி. பெட்டியின் அளவு பொருந்தினால் அந்த அட்டையை எந்தத் தறியிலும் மாட்டலாம். துளைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மென்பொருள்காரர் காசு வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைப்புக்கு வாங்கட்டும். துளையின் அர்த்தத்தைப் பூட்டிவைத்து வாடகை கேட்பதைத்தான் சொல்கிறேன்.

சர்க்காரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. லைசென்ஸ் கெடுபிடியை ஏகாதிபத்தியம் என்று எழுதுகிறவர்கள், ஓசிக்கு நகலெடுத்த எழுத்துருவில் கோத்த இதழ்களை அந்தக் கோப்புகளாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையும் விலக்கல்ல. குறியீடு தெரிந்தவற்றுக்கு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரியாதவை நண்பரின் தகட்டோடு சேரவேண்டியதுதான். மாற்றியபின் வரிவரியாகப் பிழை பார்க்கவேண்டும். இதழுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். முதல் இதழுக்கு நான் உட்காருகிறேன். இரண்டாவதற்கு யார்?