செல்லைப் பிடுங்கினால் போதுமா?



"ஒரே ஒரு கேம்ண்ணா... முடிச்சிட்டுத் தர்றேன்!"

காசிமேடானாலும் சரி, எண்ணூரானாலும் சரி, இந்தக் குரல் கேட்காத வீடு உண்டா? செல்போனைக் காட்டினால்தான் குழந்தை சோறு தின்னும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். இது யார் குற்றம்?

நம்ம ஏரியா நிலவரம் நமக்குத் தெரியும். அப்பா விசைப்படகிலோ, ஹார்பரிலோ, கம்பெனி நைட் ஷிஃப்டிலோ இருப்பார். அம்மா மீன் விற்கப் போயிருப்பார். வீடு ஒரே ரூம். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கன்டெய்னர் லாரி. "வெளியே போகாதே, செல்லைப் பார்த்துக்கிட்டு உட்காரு" என்று ஒரு தாய் சொன்னால், அது பயத்தில் சொல்வது. அவரைக் குறை சொல்ல நாம் யார்?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் நிகழ்ச்சி முடிந்தால் பெட்டி அணைந்துவிடும். பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் மறுபடி திறந்தன. அதுவரை "செல்லைத் தொடாதே" என்ற நாமே "செல்லை எடுத்துப் படி" என்றோம். பள்ளி திறந்தது, செல் மட்டும் பிள்ளை கையை விட்டு இறங்கவில்லை. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானே ஓடுகிறது. நம் பாஷையில் சொன்னால், லிமிட் ஸ்விட்ச் இல்லாத மோட்டார்!

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் தந்தது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இது பலருக்குத் தெரியும். அந்த வயதுக் குழந்தை தினமும் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதை யார் பேசுகிறோம்? ஓடியாட இடம் எங்கே?

செல்லைப் பிடுங்குவது சுலபம். காலியான அந்தக் கையில் என்ன கொடுக்கிறோம் என்பதே கேள்வி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா யார்? நம்ம புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்குக் கேரம் சொல்லிக் கொடுத்தவரும் அந்தத் தந்தையே. கேரம் போர்டுக்கு மைதானம் தேவையில்லை. எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் நாம்தான் நண்பர்களே! "நீ மட்டும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பாக்குறியே?" என்று என் தம்பி கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே முதல் விதி நமக்கு. சாப்பிடும்போது யார் கையிலும் செல் வேண்டாம். படுக்கும்போது எல்லார் செல்லும் பரண்மேல். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை இன்றே நிறுத்துவோம். மாலையில் ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளோடு உட்காருவோம். பூட்டிக் கிடக்கும் விளையாட்டுத் திடல்களைத் திறக்கச் சொல்லி மாநகராட்சியிடம் மனு கொடுக்க நம் மாணவர் சங்கம் முன்வரட்டும்.

லிமிட் ஸ்விட்ச் மாட்டத் தெரிந்த கைகள் நம்முடையவை. முதலில் நம் வீட்டில் மாட்டுவோம்!