வாங்கிய விலையும் விற்கும் மனமும்

சென்ற கிழமை ஒரு மாலை வேளையில், எமது அயலில் வசிக்கும் பெரியவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதராய் இருந்து இளைப்பாறியவர். கையிலே ஒரு பழைய கொப்பி. தாம் பங்கு வாங்கியுள்ள இரு கம்பனிகளின் கணக்கை அதிலே பென்சிலால் மிகத் துப்புரவாக எழுதி வைத்திருந்தார். ஒன்று தேயிலைத் தோட்டக் கம்பனி. 5,000 பங்குகள், 40 ரூபா வீதம் வாங்கியவை, இன்றைய விலை 64. மற்றையது ஹோட்டல் கம்பனி. அதிலும் 5,000 பங்குகள், வாங்கிய விலை 50, இன்றைய விலை 22. மாரி தொடங்குமுன் வீட்டுக் கூரையைத் திருத்தியாக வேண்டும். அதற்கு ஓர் இலட்சம் ரூபா குறைகின்றது.

“தம்பி, தோட்டத்துப் பங்கிலே கொஞ்சத்தை விற்கலாம் என்றிருக்கிறேன். இலாபம் கையில் வந்ததாகவும் இருக்கும். ஹோட்டல் பங்கு கிடக்கட்டும். ஐம்பதுக்கு வந்த அன்றைக்கே அதை விற்றுவிடுவேன். நீர் என்ன சொல்லுகிறீர்?” என்றார்.

ஆலோசனை கேட்பவர் போல் அவர் கேட்டாரெனினும், எமது ஆமோதிப்பையே எதிர்பார்த்தார் என்பது குரலிலே தெரிந்தது.

50 ரூபாப் பங்கு 22 ரூபாவுக்கு இறங்கியது 56 வீத வீழ்ச்சி. அதே 22 மீண்டும் 50 ஆவதற்கோ 127 வீதம் ஏற வேண்டும். மாணாக்கர் இதனைத் தாமே செய்து பார்ப்பாராக. இறங்கிய படிகளும் ஏறும் படிகளும் ஒன்றல்ல என்பது அப்பொழுது விளங்கும். கணக்கு இவ்வாறிருக்க, அந்த 50 என்னும் எண் யாருக்குச் சொந்தமானது? அக்கொப்பிக்கு மட்டுமே சொந்தமானது. அதே பங்கை 18 ரூபாவுக்கு வாங்கியவர் தம்மை இலாபத்தில் இருப்பவராகக் கருதுகின்றார். பெரியவர் என்ன விலை கொடுத்தார் என்பது கம்பனிக்கும் தெரியாது, சந்தைக்கும் தெரியாது.

இந்த மனப்போக்குக்கு 1985ஆம் ஆண்டிலே ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பெயரிட்டு ஆராய்ந்தனர். பின்னர் டெரன்ஸ் ஓடியன் என்பார், தரகு நிறுவனம் ஒன்றிலிருந்த 10,000 வாடிக்கையாளரின் கணக்குகளை, 1987 முதல் 1993 வரையுள்ள காலத்துக்குப் பெற்று ஆராய்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டார். இலாபத்தில் நின்ற பங்குகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 15ஐ விற்றவர்கள், நட்டத்தில் நின்றவற்றுள் ஏறக்குறைய 10ஐயே விற்றிருந்தனர். அவர்கள் விற்ற பங்குகள் அடுத்த ஓராண்டில், விற்காது வைத்திருந்த நட்டப் பங்குகளிலும் பார்க்கச் சராசரியாக 3.4 வீதப் புள்ளி கூடுதலான பலனைத் தந்தன. பூத்த செடியைப் பிடுங்கிவிட்டுப் பட்ட செடிக்கு நீர் வார்த்த கதைதான்.

அமெரிக்கரை ஆராய்வானேன்? எமது கதையையே கூறிவிடுகிறோம். கொழும்புப் பங்குச் சந்தையின் விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டிய 2022 தை மாதத்தில், ஊரெல்லாம் வாங்குகின்றதே என்று நாமும் ஒரு கம்பனியின் பங்கை உச்ச விலையில் வாங்கினோம். முன்னரே வாங்கிய வேறொரு நல்ல பங்கும் எம்மிடம் இருந்தது. சித்திரை 8ஆந் திகதி மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்தியது. 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 18 முதல் 22 வரை பங்குச் சந்தையையே மூடிவிட்டார்கள். எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவாறே எம்முடைய பணத்தை எண்ணிக்கொண்டிருந்த நாள்கள் அவை. 25ஆந் திகதி சந்தை திறந்ததும் விலைகள் சரிந்து வர்த்தகம் மறுபடியும் நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்த நாள்களில் நாம் விற்றது எதை? நல்ல பங்கைத்தான். அதிலே இன்னமும் சிறிது இலாபம் எஞ்சியிருந்தது. இல்லாளிடம் தலைநிமிர்ந்து கணக்குச் சொல்லலாம். உச்ச விலையில் வாங்கியதை விற்றிருந்தால், தை மாதத்தில் “வேண்டாமே” என்று அவர் கூறிய சொல்லை ஒப்புக்கொண்டதாக அல்லவா முடிந்திருக்கும்? சுட்டெண் 2024 முடிவில் 15,900ஐயும் தாண்டியது. நாம் விற்ற பங்கு இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வைத்திருந்த பங்கு இன்றும் வாங்கிய விலைக்குக் கீழேதான் நிற்கின்றது. அவ்விலை நாளைக்கே வந்தாலும், இடையிலே ரூபாவின் பெறுமதி எவ்வளவு தேய்ந்தது என்பதை அரிசிக்கடைக்குச் செல்வோர் அறிவர்.

இவ்வளவையும் பெரியவரிடம் கூறிவிட்டு, “அண்ணை, இன்றைக்கு உங்கள் கையில் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா காசாக இருந்தால், 22 ரூபா வீதம் இந்த ஹோட்டல் பங்கை வாங்குவீர்களா?” என்று கேட்டோம்.

“விசரே தம்பி எனக்கு?” என்றார் உடனே. பின்பு சற்று மௌனமானார்.

ஆயினும் நட்டத்தில் நிற்பதையெல்லாம் விற்றுவிட வேண்டும் என்பது எமது கருத்தன்று. அடிக்கடி விற்று வாங்குவதும் கூடாது. ஓடியனும் பார்பரும் 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையான கணக்குகளை ஆராய்ந்தபோது, சந்தை ஆண்டுக்கு 17.9 வீதம் ஈட்டிய அக்காலத்தில், மிகுதியாக விற்று வாங்கியோர் 11.4 வீதமே ஈட்டியிருந்தனர். பெரியவர் ஹோட்டல் பங்கை வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது: உல்லாசப் பயணிகள் திரும்பி வருவார்கள் என்பது. அவர்கள் வந்துவிட்டார்கள்; 2018இல் 23 இலட்சமாயிருந்து இடையில் வற்றிப்போன தொகை, 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அவ்வாறிருந்தும் பங்கு ஏன் எழவில்லை? அதற்கு விடை கொப்பியில் இல்லை, கம்பனியின் ஆண்டறிக்கையில் இருக்கின்றது. பங்குச் சந்தையின் இணையத்தளத்திலே எவரும் அதனை இலவசமாகப் படிக்கலாம். மகனை அழைத்துக் கணினியில் எடுத்துப் பார்த்தோம். அறைகள் நிறைந்துதான் இருந்தன. ஆனால் உழைத்த இலாபத்திலே பெரும்பகுதியைப் பழைய கடனின் வட்டி விழுங்கியிருந்தது, கடனோ குறைந்தபாடில்லை.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பக்கத்தை இரண்டாம் முறையும் வாசித்தார். இலிகிதராய் இருந்தவரல்லவா, கூட்டல் கழித்தல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “கூரைக்கு இதுவே போதும்போலக் கிடக்கு” என்று கூறிக் கொப்பியை மூடினார்.

தேநீர் அருந்தி எழுந்து படலையடிவரை சென்றவர், நின்று திரும்பினார். “தம்பி, நீர் உச்சியிலே வாங்கி வைத்திருக்கிறீரே ஒரு பங்கு, அதை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவீரோ?”

உள்ளே இல்லாள் சிரிப்பது கேட்டது. திங்கட்கிழமை காலை, முதற் பாடம் தொடங்குமுன் தரகருக்குத் தொலைபேசி எடுத்தோம்.