மேலே மழை, கீழே வெயில்: சித்தூர் மலைகளிலிருந்து எல்லை கடந்து வரும் வெள்ளமும் எட்டாத எச்சரிக்கையும்

வடகிழக்குப் பருவமழை தீவிரமடையும் ஒவ்வோர் ஆண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே செய்தி திரும்ப வருகிறது. ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் உள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டது, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம், பள்ளிப்பட்டு அருகே தரைப்பாலம் மூழ்கியது, போக்குவரத்து துண்டிப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. ஊர்ப் பெயர்கள்கூட அதிகம் மாறுவதில்லை. நெடியம், சாமந்தவாடா, சொரக்காய்பேட்டை ஆகியவற்றைச் சுற்றியே அச்செய்தி அமைந்திருக்கும்.

ஆண்டுதோறும் திரும்ப வருவதாலேயே இச்செய்தி சாதாரணமாகிவிட்டது. ஆனால் ஆற்றின் கரையில் வாழ்பவருக்கு அது சாதாரணமல்ல. பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு, சில மணி நேரத்தில் கடக்க முடியாத வெள்ளமாகிறது. பெரும்பாலும் அந்த நேரத்தில் அவர் தலைக்கு மேல் மழையே பெய்வதில்லை.

சித்தூர் மாவட்டத்தின் பாலசமுத்திரம் மண்டலமும் தமிழகத்தின் பள்ளிப்பட்டு வட்டமும் ஒன்றையொன்று ஒட்டியவை. இரு பக்கமும் தமிழும் தெலுங்கும் புழங்கும் வீடுகள், இரு பக்கமும் உறவுகள், ஒரே மலைத்தொடரின் அடிவாரம். 'சமுத்திரம்' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பல, பெரிய ஏரிகளை ஒட்டி எழுந்தவை. மலையிலிருந்து இறங்கும் நீரை ஏரிகளில் நிறுத்தி வாழ்ந்த நிலப்பகுதி இது என்பதற்கு அப்பெயர்களே சான்று.

இந்நிலப்பகுதியின் மீது மாநில எல்லை விழுந்தது பிற்காலத்தில்தான். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள், ம.பொ.சி. உள்ளிட்டோர் முன்னெடுத்த வடக்கெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கர் பரிந்துரையையும் தொடர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. மொழியையும் மக்கள் தொகையையும் கணக்கிட்டு வரையப்பட்ட அக்கோடு, ஆறுகளின் வடிநிலத்தைக் குறுக்கே வெட்டியது. கொசஸ்தலையின் தலைப்பகுதியில் அணை ஆந்திரத்தில், தரைப்பாலங்கள் தமிழகத்தில். ஆரணியாற்றின் நிலையும் அதுவே. திருப்பதி மாவட்டம் பிச்சாட்டூரில் அணை; திறக்கும் நீர் சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்கு வந்து, பழவேற்காடு வரை செல்கிறது.

இமயமலை ஆறுகளோடு ஒப்பிட்டால் இந்த ஆறுகளின் இயல்பு தெளிவாகும். அங்கே பனி உருகுவதற்கு ஒரு நாள்காட்டி உண்டு. குளிர்காலத்தில் எவ்வளவு பனி படிந்தது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அளந்து, கோடையில் ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட முடிகிறது. சட்லெஜ் ஆற்றின் பக்ரா அணையில் மே 21 முதல் செப்டம்பர் 20 வரை நிரப்பும் காலம் என்றே வகுத்து வைத்திருக்கிறார்கள். பனியாறும் பொய்க்காது என்பதில்லை. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமின் தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றின் சுங்தாங் அணையை அடித்துச் சென்றபோது அங்கும் எச்சரிக்கைக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆயினும் வழக்கமான ஆண்டுகளில் பனி, தன் வருகையை மாதக்கணக்கில் முன்னறிவிக்கிறது.

நகரி மலைக்கோ சேஷாசலத்துக்கோ அத்தகைய சேமிப்பு இல்லை. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, வலுவிழந்து மேற்கு, வடமேற்காக நகர்கிறது. கடற்கரையில் ஆபத்து நீங்கியதாகத் தொலைக்காட்சிகள் அறிவிக்கும் அந்த நேரத்தில்தான் மேகங்கள் மலைகளில் மோதுகின்றன. பாறைச் சரிவில் விழும் மழை தங்குவதில்லை. ஓடைகளில் திரண்டு லவா, குசா ஆறுகளில் இறங்குகிறது. இவை பள்ளிப்பட்டு அருகே சேர்ந்து கொசஸ்தலையாகின்றன. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் சித்தூர் மாவட்டத்தில் நிகழ்ந்ததும் இதுவே.

2021 நவம்பர் இன்னும் கடுமையான பாடம். நவம்பர் 19 அதிகாலை ஒரு தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. திருப்பதி நகரம் வெள்ளத்தில் தவித்தது, சுவர்ணமுகி பெருக்கெடுத்தது. அதே நாளில் கடப்பா மாவட்டத்தில், செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்து கரையோரக் கிராமங்கள் அடித்துச் செல்லப்பட்டன. செய்யேற்றின் கிளைகளான பாகுதா, பிஞ்சா ஆறுகள் அன்றைய சித்தூர் மாவட்ட மலைகளில் பிறப்பவை. அணையின் ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கவில்லை என்று அப்போதைய மத்திய நீர்வளத் துறை அமைச்சர் கஜேந்திர சிங் செகாவத் மாநிலங்களவையில் தெரிவித்தார். அடுத்த சில நாள்களில், திருப்பதி அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டு, கீழ்ப்பகுதி ஊர்கள் காலி செய்யப்பட்டன. அதே மாதம் கொசஸ்தலையின் மறுகோடியில், பூண்டியிலிருந்து வெளியேறிய நீர் மணலி புதுநகர், சடையங்குப்பம் பகுதிகளைச் சூழ்ந்தது. மலையில் பெய்த மழையின் கணக்கை எண்ணூர் முகத்துவாரம் வரை எல்லோரும் தீர்க்க வேண்டியிருந்தது.

எனினும் இந்த வெள்ளத்தை வெறும் ஆபத்தாகப் பார்ப்பவர் கரையோரத்தில் குறைவு. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சென்னைக் குடிநீருக்கு ஆதாரமான அந்நீர்த்தேக்கத்துக்கு கொசஸ்தலையே இயற்கையான வரத்து. பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரங்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் விவசாயியின் கிணறு, ஆறு சில நாள்கள் ஓடினால் அடுத்த கோடை வரை தாங்கும். ஆகவே வெள்ளம் வராத ஆண்டுதான் அவருக்குக் கவலை. அவர் கேட்பது ஆறு வரக்கூடாது என்பதல்ல. எப்போது வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்பதுதான்.

இரு மாநிலங்களும் பேசிக்கொள்வதே இல்லை என்று சொல்லவும் முடியாது. 1983-இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை அருகே எல்லையைத் தொடுகிறது. ஆண்டுக்கு 12 டிஎம்சி. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. எல்லையில் எத்தனை கன அடி வந்தது என்று நாள்தோறும் அளக்கிறார்கள். மனிதர் வெட்டிய கால்வாய்க்கு இவ்வளவு துல்லியமான கணக்கு. அதே ஊரின் வழியே தானாக ஓடிவரும் ஆரணியாற்றுக்கோ, அணை திறந்த பின் கிடைக்கும் தகவலும் ஆட்சியர் அலுவலக அறிவிப்பும்தான்.

நதியின் மீதான பேச்சு, பெரும்பாலும் தண்ணீரைத் தடுப்பது பற்றியதாகவே இருக்கிறது. 2023 ஆகஸ்டில், கொசஸ்தலையின் குறுக்கே சித்தூர் மாவட்டத்தின் கத்தரப்பள்ளி, முக்கலகண்டிகை பகுதிகளில் இரு நீர்த்தேக்கங்கள் கட்டும் திட்டத்தைக் கைவிடுமாறு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அப்போதைய ஆந்திர முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டிக்குக் கடிதம் எழுதினார். பாசனமும் சென்னைக் குடிநீரும் பாதிக்கப்படும் என்பது தமிழகத்தின் வாதம். வறட்சி மிகுந்த சித்தூருக்கும் தன் மழையைத் தேக்கிக்கொள்ளும் தேவை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் மேலே அணைகள் பெருகினால் சாதாரண ஆண்டுகளில் கீழே நீர் குறையும். பெருமழை ஆண்டில் நிரம்பிய அணைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். அன்னமய்யா அணைக்கு மேலே பிஞ்சா அணை இருந்ததை நினைவுகூர்ந்தால் இக்கவலை மிகையாகாது. பங்கீட்டைப் பற்றிய கடிதத்தில் மதகு திறக்கும் நேரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மாநிலங்களுக்கு இடையிலான ஆறுகளைக் கூட்டாக நிர்வகிக்க 1956-இல் நதி வாரியச் சட்டம் வந்தது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், தன் வரம்புக்குள் வரும் பழைய அணைகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் அவசரகால செயல் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அக்கெடு 2026 டிசம்பர் இறுதியில் முடிகிறது. கிருஷ்ணாபுரத்துக்கும் பிச்சாட்டூருக்கும் எழுதப்படும் திட்டத்தில், நீர் எந்த நேரத்தில் எந்தத் தரைப்பாலத்தை எட்டும் என்ற கணக்கு எல்லைக் கோட்டோடு நின்றுவிடுமா, அல்லது நெடியத்தையும் ஊத்துக்கோட்டையையும் சேர்த்து எழுதப்படுமா என்பதே கேள்வி.

தொழில்நுட்பமும் கையில் இருக்கிறது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' அமைப்பு, குறிப்பிட்ட பகுதியில் உள்ள கைப்பேசிகளுக்கு அப்பகுதி மொழியிலேயே எச்சரிக்கை அனுப்பக்கூடியது. அணையின் உதவிப் பொறியாளர் மதகைத் தூக்க முடிவெடுக்கும் அதே நிமிடத்தில், எல்லைக்கு இப்பால் தமிழிலும் தெலுங்கிலும் கைப்பேசிகள் ஒலிக்க முடியும். மலையில் தானியங்கி மழைமானி, ஆற்றில் நீர்மட்டமானி, இரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் ஒரே திரை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. தரைப்பாலங்களை உயர்மட்டப் பாலங்களாக்கும் பணி அதைவிடச் செலவு மிக்கது. அதுவும் தொடர வேண்டியதே. அதுவரை, இரவில் வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் ஆற்றைக் கடப்பவருக்குத் தண்ணீரின் வருகையைச் சொல்வது, பெரும்பாலும் மறுகரையில் நிற்கும் இன்னொருவரின் கூச்சல்தான்.