எட்டாத மூலையிலே ஒரு காவற்காரன்

வீட்டிலே திருடன் புகுந்தால் நாய் குரைக்கும். அடுப்பிலே பால் தீய்ந்தால் மணம் காட்டிக் கொடுக்கும். ஆனால், குளியலறையில் பேசினுக்குப் பின்னால் ஒரு குழாய் மூட்டு மெல்லக் கசியத் தொடங்கினால் அதனை நமக்கு அறிவிப்பார் எவருமிலர். சுவரிலே பூஞ்சணம் படர்ந்த பின்னரோ, தொடர்மாடி வீடாயின் கீழ்வீட்டார் முகங்கடுத்து வந்து கதவைத் தட்டிய பின்னரோதான் விழித்துக் கொள்கிறோம்.

சொட்டுத் தண்ணீர்தானே என்று அலட்சியஞ் செய்வோர் ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் நன்று. செக்கனுக்கு ஒரு துளி வீதம் ஒரு நாளில் 86,400 துளிகள் விழும். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால் அது நாளொன்றுக்கு நான்கு லீற்றருக்கு மேல். மாதத்திற்கு ஏறக்குறைய 130 லீற்றர். நீர்க்கட்டணத்தில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். ஆகவே, பில்லைப் பார்த்து இக்கசிவைக் கண்டுபிடிக்க இயலாது. கொங்கிறீற்றுத் தட்டோ இதனை நன்கு அறியும். உள்ளே இறங்கும் ஈரத்தாற் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீற்றைப் பிளக்கும்.

இதற்குக் காவலாக இப்பொழுது கசிவுணரிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. ‘சென்சர்’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவர். அவற்றுட் பெரும்பாலானவற்றின் இரகசியம் எளிது. அடிப்புறத்தில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். அவற்றிடையே நீர் படிந்தால் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். உடனே கருவி கூவும், அல்லது கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும்.

கருவியை வாங்குவது எளிது. வைக்குமிடத்தைத் தெரிவதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது. மேனாட்டுக் குளியலறைகளிற் பலவற்றின் தரை காய்ந்தே இருக்கும். நமது குளியலறையிலோ வாளியும் கோப்பையுமாகக் குளித்து, தரை முழுவதையும் நனைத்து விடுகிறோம். அத்தரையில் உணரியை வைத்தால் அது ஒவ்வொரு காலையும் கூவி, இரண்டாம் வாரத்தில் அலுமாரிக்குட் போய்விடும். ஆதலால், எப்பொழுதும் காய்ந்திருக்க வேண்டிய இடமே அதற்கு உரிய இடம். பேசினுக்குக் கீழுள்ள சிறு அலுமாரி, குழாய்களை மறைத்துக் கட்டிய பெட்டி, குளியற்றொட்டியின் அடிப்புறம், போலிக்கூரைக்குள் இருக்கும் வெந்நீர்த் தொட்டியின் கீழ்த் தட்டு ஆகியவை அத்தகையன. மூட்டின் கீழ் ஒரு கரண்டி நீர் ஊற்றி, அது எப்பக்கம் ஓடுகிறதென்று பாருங்கள். நீர் முதலிற் சென்று தங்குமிடத்திலேயே உணரியின் முனைகள் தரையைத் தொட்டு நிற்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான விஷயம். இவ்விடங்கள் யாவும் கைக்கு எட்டாதவை. முழுக் கருவியையும் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டால், பற்றரி தீர்ந்தபின் அதனை யார் எடுப்பது? காவற்காரன் உறங்கிவிட்டதை அறியாமல், அவனை நம்பி நாமும் உறங்குவோம். காவலே இல்லாத வீட்டிலும் பார்க்க அது கேடானது.

நமது யோசனை இதுதான்: நீரைத் தொடும் முனை எட்டாத இடத்தில் இருக்கட்டும், பற்றரி எட்டும் இடத்தில் இருக்கட்டும். இதற்கென்றே மெல்லிய வயரின் நுனியிற் சிறு தலையுடன் கூடிய உணரிகள் உள. தன் நீளம் முழுவதாலும் ஈரத்தை உணரும் கயிறு போன்ற வகையும் உண்டு. தொட்டியைச் சுற்றி இடுவதற்கு அது உத்தமம். தலையை ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டின் நுனியிற் கட்டி உள்ளே செலுத்தலாம். திரும்ப இழுத்தெடுக்க ஒரு நைலோன் நூலையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பெட்டியை வெளியே, கண்மட்டத்தில் உலர்ந்த சுவரில் ஒட்டுங்கள். இரும்பும் கொங்கிறீற்றும் வானொலி அலைகளைத் தடுப்பவை. ஆதலால், பெட்டி வெளியே இருந்தாற் செய்தியும் தடையின்றிச் செல்லும்.

பற்றரியிலும் பேதம் உண்டு. நாணயம் போன்ற 3 வோல்ற் பற்றரி இடத்தை அடைக்காது. ஆனால், அதிற் சேமித்த சக்தி குறைவு. இடமிருந்தால் 1.5 வோல்ற் அல்கலைன் பற்றரிகள் போடும் கருவியைத் தெரிவு செய்யுங்கள். போட்ட நாளைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். தீர்ந்த பற்றரியை உள்ளேயே விட்டால் அதன் காரம் கசிந்து கருவியைத் தின்றுவிடும். குழந்தைகள் உள்ள வீடுகளில் நாணயப் பற்றரியைக் கண்ட இடத்தில் வைத்தல் ஆகாது. விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயை அது இரண்டு மணி நேரத்திலேயே சுட்டுப் புண்ணாக்கிவிடக் கூடும்.

பற்றரித் தொல்லை வேண்டாமென்று குளியலறைக்குள் 230 வோல்ற் மின்சாரத்தை நீட்டுவோர் உளர். அது நீருக்குப் பயந்து நெருப்பில் விழுவது போலாகும். மின்சாரந்தான் வேண்டுமெனின், அடப்டர் வெளியறையில் இருக்க, 5 வோல்ற் வயர் மட்டும் உள்ளே வரட்டும். அதனையும் தகுதி பெற்ற மின்னியலாளரே செய்யட்டும். அப்பொழுதும் பற்றரித் துணை அவசியம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த காரியத்தால் நாடே இருளில் மூழ்கியதென்று அதிகாரிகள் கூறினர். மின்சாரம் போனால் வீட்டு இணையமும் போகும். தொட்டியில் நீர் இருக்கும்வரை குழாய் கசிவதோ நிற்காது. ஆகையால், செய்தி அனுப்புவதோடு தானே உரக்கக் கூவும் கருவியே நம் நாட்டுக்கு ஏற்றது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுநீரைப் பாவிப்போருக்கு ஒரு வார்த்தை. அந்நீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஆனால், காய்ந்தபின் முனைகளில் வெண்படலம் படியும். படலம் தடித்தால் உணரி குருடாகும். வினாகிரி தோய்த்த துணியால் முனைகளைத் துடைத்து, நல்ல நீராற் கழுவி, உலர்த்தி வையுங்கள்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நைலோன் நூலை இழுத்து முனையை வெளியே எடுங்கள். ஈரத்துணியால் அதனைத் தொடுங்கள். கூவினால் துடைத்துத் திரும்ப உள்ளே வைக்கலாம். கூவாவிட்டால் அன்றே பற்றரியை மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலைதான். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் அவர்கள் அதனை மறக்கவும் மாட்டார்கள்.