பூட்டினால் பயனில்லை, பூட்டாவிட்டால் ஆபத்து

வேலூர் லாங் பஜாரில் மொத்தக் கடை வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களிடம் வழக்கமாகக் கேட்பது, எந்த கேமரா வைக்கலாம், எந்த பில்லிங் சாஃப்ட்வேர் போடலாம் என்பதுதான். சமீபமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "தம்பி, நீ இன்ஜினியர்தானே, நெட்ல பாத்து சொல்லேன். லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன். ரிவால்வரா, பிஸ்டலா? வீட்டுக்கும் ஆவணும், வசூலுக்குப் போறப்ப இடுப்புலயும் வெச்சிக்கணும்." கேட்பவர்கள் ரவுடிகள் இல்லை. பருப்பும் மிளகாயும் விற்பவர்கள், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் போய் பாக்கி வசூலித்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் திரும்புபவர்கள்.

என் பதில்: "அண்ணே, எதுவும் வேணாம்." இதைச் சொன்னால் உடனே 'அஹிம்சை பேசற ஆளு' என்று ஒரு பார்வை வரும். நான் அஹிம்சையிலிருந்து பேசவில்லை. கணக்கிலிருந்து பேசுகிறேன். வீட்டுப் பாதுகாப்புக்கென்று வாங்கப்படும் துப்பாக்கி, அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் ஆபத்து. எந்த மாடல் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் இரண்டாவது கேள்விக்கு வேலையே இருக்காது.

அவர்களுடைய பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்து ஏறத்தாழ 16 கிலோ தங்கத்தை அள்ளிப்போனதை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் அந்தத் திருட்டை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நள்ளிரவு, பூட்டிய கடை, உள்ளே ஆள் இல்லை. முதலாளியிடம் பத்துத் துப்பாக்கி இருந்திருந்தாலும் அது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். சில நாட்களில் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்த நகைகளைத் தோண்டி எடுத்தது போலீஸ் விசாரணை. பெரும்பாலான திருடர்கள் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறவர்கள். ஆள் இல்லாத இடத்தில் துப்பாக்கியும் இல்லாததற்குச் சமம்.

*

சரி, வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம். யூடியூபில் அமெரிக்கர்கள் மேஜையில் பரப்பிவைத்து ஒப்பிடும் 9 மி.மீ. பிஸ்டல்கள் இங்கே தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண மனிதருக்கு நடைமுறையில் கிடைப்பது .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், .22, பிறகு 12 போர் டபுள் பேரல் மாதிரியான நீளத் துப்பாக்கிகள். 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் 21 வயது, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் விசாரணை, வீட்டில் பத்திரமாக வைக்கும் ஏற்பாடு என்று வரிசையாகக் கேட்கும். 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 2014இல் கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரின் எடை அரைக் கிலோ, அன்றைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய்.

இவ்வளவையும் தாண்டி வாங்கினாலும், தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வது நம் மாநிலத்தில் வழக்கம். வங்கிக் காவலர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. வேலூரில் 2019 மக்களவைத் தேர்தல் பணப் பிரச்சினையில் ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதி தனியாக நடந்தது. மற்ற ஊர்களுக்கு ஒரு தேர்தல் சீசன் என்றால் நமக்கு இரண்டு. உங்கள் காவல் தெய்வம் வருடத்தில் சில மாதம் ஸ்டேஷனில் குடியிருக்கும்.

இதெல்லாம் அலுப்புதானே, ஆபத்து இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து எங்கே என்றால், அதை வைக்கும் இடத்தில்.

சட்டமும் புத்தியும் சொல்வது: தோட்டா தனி, துப்பாக்கி தனி, இரண்டுக்கும் பூட்டு. அப்படி வைத்தால் திருடன் வந்தபிறகு கண் விழித்து, விளக்கு போடாமல், சாவி தேடி, பீரோ திறந்து, தோட்டா நிரப்ப வேண்டும். 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டென்னிஸ் டூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கத்தியோடு ஓடிவருகிற ஆள் 21 அடியைக் கடக்க ஒன்றரை விநாடிதான் ஆகிறது. பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பிலிருந்து எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது. லாங் பஜார் கடைகளில் கல்லாவிலிருந்து ஷட்டர் வரை எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். வசூல் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஐம்பது வயதுக்காரர் சட்டையைத் தூக்கி உறையிலிருந்து எடுப்பதற்குள் பை போயிருக்கும். பை மட்டும் போனால் நல்லது. துப்பாக்கியும் சேர்ந்து போனால் திருடனுக்கு லாபம் இரட்டிப்பு.

பூட்டாமல், தோட்டா போட்டு, தலையணைக்குக் கீழே வைத்தால்? அப்போதுதான் நேரத்துக்கு உதவும். ஆனால் அப்போது அது உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பூட்டினால் பயனில்லை, பூட்டாவிட்டால் ஆபத்து. இதற்கு நடுவழி கிடையாது. கைரேகைப் பெட்டி வாங்கினால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. கைரேகை உங்களுடையது என்று பெட்டிக்குத் தெரியும். நீங்கள் இப்போது எந்த மனநிலையில் திறக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு எளிய கணக்கு. ராத்திரிச் சத்தம் கேட்டு வருடத்துக்கு இருபது முறை எழுந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பத்து வருடத்தில் 200 முறை. அதில் ஒரு முறை நிஜத் திருடன் வந்தாலே அதிகம். மீதி 199 முறை வந்தது நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மகன், பாத்ரூம் போன அப்பா, பூனை, பக்கத்துக் கடைக்கு லோடு இறக்க வந்தவர். எங்கள் வேலையில் இதை வெத்து அலாரம் என்போம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தப்பாக அடிக்கும் அலாரத்தோடு உயிரைப் பறிக்கும் கருவியை இணைக்கும் டிசைனை எந்தக் கம்பெனியிலும் பாஸ் செய்ய மாட்டார்கள். கூட்டுக் குடும்பம், கீழே கடை, மேலே வீடு, நடுவே ஒரு பலகைத் தடுப்பு என்று வாழும் தெருவில் தப்பிய குண்டு எங்கே போய் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

இனி நாம் பேசக் கூச்சப்படும் விஷயம். இந்த ஊரில் அதைப் பேசாமல் துப்பாக்கி பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் விசாரித்துப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். 2004இல் லான்செட் இதழில் அதன் ஒரு பகுதி வெளியானது. 10 முதல் 19 வயதுக்குள் இருந்தவர்களில், லட்சம் பேருக்கு ஆண்டுக்குப் பெண்பிள்ளைகள் 148 பேர், ஆண்பிள்ளைகள் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். உலகமே அதிர்ந்து பார்த்த எண்கள் இவை. ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை, டவுன் பஸ் போகும் தூரம். நம் பக்கத்து வீடுகளில் ராத்திரி வரும் ஆபத்து பெரும்பாலும் சுவர் ஏறி வருவதில்லை. பரீட்சை, காதல், கடன், குடி, மாமியார் சண்டை என்று உள்ளேயே இருக்கிறது.

கையில் என்ன கிடைக்கிறது என்பது இங்கே உயிர் பிரச்சினை. அந்த வேகம் பல பேருக்குச் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு அந்த வழியில் இறப்பதில்லை. இலங்கையில் 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவிகிதம் இறங்கியது. மனிதர்களின் துக்கம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது மாறியது.

துப்பாக்கி இதற்கு நேர் எதிர்த்திசை. அது மனம் மாற அவகாசம் தராது. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிட துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ள 8 மடங்கு வாய்ப்பு இருந்தது. பெண்களுக்கு 35 மடங்கு. அவர்களும் பாதுகாப்புக்காகத்தான் வாங்கியிருப்பார்கள்.

*

எதிர்த் தரப்பின் வாதங்களை ஒதுக்கிவிடக் கூடாது. முதலாவது: "நம்ம கையிலேர்ந்து ஆயுதத்தைப் பிடுங்கினவன் வெள்ளைக்காரன்." உண்மை. லாங் பஜாரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் 1806 ஜூலை 10 சிப்பாய்கள் எழுந்த கோட்டை இருக்கிறது. புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் சின்னமும் அதற்கு ஒரு காரணம் என்பது தோல் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. 1857க்குப் பிறகு, லிட்டன் காலத்தில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. அது அவமானம்தான். ஆனால் அந்த அவமானத்துக்கு மருந்து படுக்கையறையில் ரிவால்வர் என்று எப்படி ஆகும்? அந்த இனபேதம் 1959 சட்டத்தில் இல்லை. கோட்டையில் சிப்பாய்கள் செய்தது அரசியல். பீரோவில் நீங்கள் வைப்பது வெறும் பயம்.

இரண்டாவது: "சட்டம் எனக்குத் தற்காப்பு உரிமை தந்திருக்கே." தந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதுதான். இரவில் வீடு புகுபவனிடமிருந்து காத்துக்கொள்ள உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட சில நிலைமைகளில் அது நீள்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அதே சட்டம். எது தேவை என்பதை நீங்கள் இருட்டில் ஒரு விநாடியில் முடிவு செய்வீர்கள். நீதிமன்றம் பல வருடம் உட்கார்ந்து அலசும்.

மூன்றாவது: பெண்களின் பாதுகாப்பு. 'நிர்பீக்' அந்தப் பேரில்தான் விற்கப்பட்டது. நம் நாட்டின் குற்றப் பதிவுகளிலேயே, பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். கணவன், மாமன், பக்கத்து வீட்டுக்காரன் இருக்கும் வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் அது யார் கைக்குப் போகும்?

நான்காவது: துப்பாக்கி கூடினால் திருடன் பயப்படுவான். 2016 முடிவில் நாட்டில் இருந்த 33 லட்சத்துச் சொச்சம் உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். துப்பாக்கிதான் நிம்மதி என்றால் கான்பூர் வியாபாரி நம்மைவிடப் பல மடங்கு நிம்மதியாகத் தூங்க வேண்டும். அங்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதைத் தண்டிக்க 2019இல் தனிப் பிரிவு எழுதும்படி ஆனதுதான் மிச்சம்.

விதிவிலக்கு உண்டா? உண்டு. பெயர் சொல்லிக் கொலை மிரட்டல் வந்த சாட்சி, காட்டோரத் தனி வீட்டில் இருப்பவர், இவர்களின் தேவை வேறு. விதிகளும் அவர்களைத்தான் முதலில் மனதில் வைத்திருக்கின்றன. மிளகாய் மண்டி முதலாளி அந்த வரிசையில் இல்லை.

அவருக்குச் செய்ய வேண்டியவை வேறு. வசூலை பேங்க் மூலம் வாங்குவது. ரொக்கம் தவிர்க்க முடியாதபோது இரண்டு பேராகப் போவது, ஒரே பஸ், ஒரே கிழமை என்று பழக்கம் வைக்காதது. பின்சுவரிலும் ஷட்டரிலும் அதிர்வு சென்சார், தெரு முழுக்க சேர்ந்து ஒரு வாட்ச்மேன், எரியாத தெருவிளக்குக்கு மாநகராட்சியிடம் மனு. ராத்திரி ரோந்து வரவில்லை என்றால் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து எஸ்.பி. ஆபீஸில் போய் நிற்பது. வீட்டில் யாராவது சாப்பாடு குறைத்து, பேச்சு குறைத்து இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, 14416க்கு போன் போடுவது. இவற்றில் ஒன்றுகூட இடுப்பில் தெரியாது, மாமனார் வீட்டில் கெத்தாகவும் இருக்காது. துப்பாக்கி ஆசையில் பாதி அந்தக் கெத்துதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதட்டும். ஒவ்வொருவருக்கும் இதுவரை வந்த மிக மோசமான ராத்திரி எது என்று பக்கத்தில் குறிக்கட்டும். அந்த ராத்திரியில் தோட்டா போட்ட துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்திருக்க வேண்டுமா என்று ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லட்டும். தன் பெயரையும் விடாமல்.