100 இன்ச் ஆசை ஓகே... உங்க ரூமுக்கு செட் ஆகுமா? புரொஜெக்டர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி சேர்க்காமல் 20,000 ரூபாய் விலையுள்ள மாடலுக்கு முன்பு 25,600 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது 23,600 ரூபாய். மிச்சம் 2,000 ரூபாய் என்றதும், 'டிவிக்குப் பதிலா இதையே வாங்கிடலாமே' என்ற பேச்சு வீட்டில் எழுவது இயல்புதான். ஆனால் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் அதே நாளில் அதே அளவு வரி குறைந்துவிட்டது. அதனால் வரியை வைத்து முடிவெடுக்க இதில் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது, அதை வைக்கப்போகும் அறையை.

டேப் எடுத்து அளந்தீங்களா?

100 இன்ச் படம் என்றால் அதன் அகலம் சுமார் 2.2 மீட்டர். புரொஜெக்டரை எவ்வளவு தூரத்தில் வைத்தால் அந்த அகலம் கிடைக்கும் என்பதைச் சொல்வதுதான் 'த்ரோ ரேஷியோ'. இந்த எண்ணைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். 1.2 என்று போட்டிருந்தால் லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே 8 முக்கால் அடி வேண்டும். 1.5 என்றால் கிட்டத்தட்ட 11 அடி.

இப்போது 10-க்கு 12 அடி ஹாலை நினைத்துப் பாருங்கள். 11 அடி போக மீதி ஒரு அடியில் மெஷினும், அதன் பின்னால் ஒயரும், சூடு வெளியேற இடைவெளியும் அடங்க வேண்டும். நடக்கிற காரியமா? 1.2 மாடல் என்றால் ஓரளவு தப்பிக்கலாம்.

அடுத்து, நம்ம ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல், சீலிங் ஃபேன். பின்சுவரில் உயரத்தில் மாட்டினால், வெளிச்சம் ஹாலின் நடுவே சுற்றும் ஃபேன் இறக்கையில் பட்டுப் படம் வெட்டி வெட்டித் தெரியும். தாழ்வாக டீப்பாயில் வைத்தால், தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவரின் நிழல் ஹீரோவின் முகத்தில் விழும். சரி, ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு 'கீஸ்டோன்' மூலம் படத்தை நேராக்கலாமே என்பார்கள். அது படத்தை டிஜிட்டல் முறையில் சுருக்கி நேராக்கும் வேலை. அளவும் தெளிவும் குறையத்தான் செய்யும். லென்ஸையே நகர்த்தும் 'லென்ஸ் ஷிஃப்ட்' வசதியில் இந்த இழப்பு இல்லை. ஆனால் விலை குறைந்த மாடல்களில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

பெட்டியில் போட்டிருக்கும் லூமன்ஸ் உண்மையா?

வெறும் 'லூமன்ஸ்' என்று பெரிய எண் போட்டிருந்தால் நம்பாதீர்கள். 'ஆன்சி லூமன்ஸ்' அல்லது 'ஐஎஸ்ஓ லூமன்ஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். முழு இருட்டில் 100 இன்ச் படத்துக்கு 400 முதல் 500 ஆன்சி லூமன்ஸ் இருந்தாலே தியேட்டர் அளவு வெளிச்சம் கிடைக்கும். லைட் போட்டுக்கொண்டோ, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தோ மேட்ச் பார்ப்பவர்களுக்கு இது பத்தவே பத்தாது, 2,000-க்கு மேல் தேவை. '4கே சப்போர்ட்' என்பதும் இதே ரகம்தான். உள்ளே வரும் 4கே வீடியோவை ஏற்கும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். திரையில் தெரிவது 'நேட்டிவ்' என்று குறிப்பிட்ட அளவுதான்.

எத்தனை வருஷம் உழைக்கும்?

லேம்ப் வகையில் பல்புக்கு ஆயுள் 3,000 முதல் 5,000 மணி நேரம் வரை சொல்வார்கள். தினமும் 3 மணி நேரம் ஓடினால், 4,000 மணி நேர பல்பு மூன்றரை வருஷத்தில் முடியும். படம் ஓடும்போது கரண்ட் போனால், கொதிக்கும் பல்பைக் குளிர்விக்க வேண்டிய விசிறியும் நின்றுவிடும். அடிக்கடி இப்படி நடந்தால் பல்பின் ஆயுள் குறையும். மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்இடி வகைக்கு 20,000 மணி நேரம், அதாவது 18 வருஷக் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொதுவாக வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான கணக்கு. அதுவும் விளக்குக்கு மட்டும். விலை குறைந்த எல்சிடி மாடல்களில் முதலில் சிக்குவது பெரும்பாலும் விளக்கு அல்ல, தூசியும் சூடும். உள்ளே புகுந்த தூசி படத்தில் மங்கலான புள்ளியாகத் தெரியும். சூட்டில் பேனல் மஞ்சளடிக்கும். உள்பகுதி மூடப்பட்டதா, ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மெஷினுக்கும் பல்புக்கும் வாரன்டி காலம் தனித்தனியாக இருக்கலாம், பில்லில் பாருங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் இல்லாத பிராண்டுக்கு வாரன்டி இருந்தும், கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு மதியம் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். விசிறிச் சத்தம், சூடு, ஓரங்களில் மங்கல் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.